சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எல்விஸ்

பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம் நட்சத்திரமாக வாழ்ந்த அமெரிக்கப் பாடகர் டீன் ரீடின் கதையை எங்கிருந்து ஆரம்பித்தாலும் யாரோ அளந்துவிட்ட கதை மாதிரிதான் இருக்கும். சரி, கழுதையிலிருந்து ஆரம்பிப்போம்.

1950களின் பிற்பகுதி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். வானிலையியல் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் விடுமுறையில் சுற்றுலாப் பண்ணை ஒன்றில் கிடார் வாசித்துக்கொண்டிருக்கிறான். பேச்சுவாக்கில் ஒரு பந்தயம். கோவேறு கழுதையோடு போட்டி போட்டு 110 மைல் ஓடி ஜெயிக்க முடியுமா? ஓடினான், ஜெயித்தான். பந்தயப் பணம் 25 சென்ட். கால் டாலருக்காக இத்தனை தூரம் ஓடியவனைப் பற்றிப் பத்திரிகையில் செய்திகூட வந்தது. அவர் பிற்காலத்தில் செய்த பல காரியங்களைப் படிக்கும்போது இந்தக் கழுதைதான் எனக்கு ஞாபகம் வரும். "உன்னால் முடியாது" என்று யாராவது சொன்னால் போதும், மனிதர் ஓட ஆரம்பித்துவிடுவார்.

1958-ல் ஹாலிவுட் போனார். கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது. நல்ல உயரம், சினிமாவுக்கென்றே வார்த்த முகம், குரல் சுமார். குரல் விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், சுமார்தான். அமெரிக்காவில் அவருடைய பாட்டு ஒன்று 1959-ல் பில்போர்டு பட்டியலில் 96-ஆம் இடம் வரை போனது. அதோடு சரி. ஆனால் அவரே எதிர்பார்க்காத இடத்தில், தென்னமெரிக்காவில், இன்னொரு பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. சிலியில், பெருவில், அர்ஜென்டினாவில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் துரத்தினார்கள். அங்கே நடந்த வாக்கெடுப்பு ஒன்றில் எல்விஸ் பிரெஸ்லியையே முந்தினார்.

அங்கேதான் அரசியலும் ஒட்டிக்கொண்டது. விமான நிலையத்தில் மாலை, வெளியே வந்தால் சேரி. அணுகுண்டுச் சோதனைக்கு எதிராகப் பேசினார், அமெரிக்கத் தூதரகம் முகம் சுளித்தது. அர்ஜென்டினாவில் குடியேறினார். 1966-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வெளியேற வேண்டியதாயிற்று. நடுவில் 1965-ல் ஹெல்சின்கியில் நடந்த உலக சமாதான மாநாட்டுக்குப் போயிருந்தார். கிடாரும் கையுமாக ஓர் அமெரிக்கன், பார்க்க லட்சணமாக இருக்கிறான், பேசுவதும் நமக்குத் தோதாக இருக்கிறது. சோவியத் அதிகாரிகள் விடுவார்களா? அடுத்த வருஷமே சோவியத் யூனியனில் சுற்றுப்பயணம்.

இதன் மவுசு புரிய வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர்கள் அதுவரை மேற்கத்திய இசையை எப்படிக் கேட்டார்கள் என்று தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லெனின்கிராட்டில் ஒரு கள்ளத் தொழில் நடந்தது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிம்களை வாங்குவார்கள். கத்தரியால் வட்டமாக வெட்டுவார்கள். நடுவில் சிகரெட் நுனியால் ஓட்டை. வீட்டிலேயே செய்த கருவியில் வைத்து வெளிநாட்டு ரெக்கார்டிலிருந்து பாட்டை அதில் கீறி எடுப்பார்கள். சட்டைக் கைக்குள் சுருட்டிக் கொண்டுபோய்த் தெருமுனையில் விற்பார்கள். சில தடவை ஓட்டினால் தேய்ந்துவிடும். யாருடைய விலா எலும்போ ரெக்கார்டு பிளேயரில் சுற்றிக்கொண்டிருக்க, அதிலிருந்து ஜாஸ் வரும். 'எலும்பு இசை' என்று பேர். மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர்கள் உண்டு.

எலும்பில் பாட்டுக் கேட்ட அந்தத் தலைமுறைக்கு முன்னால், அரசாங்கமே ஏற்பாடு செய்த மேடையில், கௌபாய் பூட்ஸோடு ஓர் அசல் அமெரிக்கன் வந்து ராக் அண்ட் ரோல் பாடினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மெலோதியா என்ற அரசு நிறுவனம் அவர் ரெக்கார்டுகளை வெளியிட்டது. பீட்டில்ஸ் கிடைக்காது, எல்விஸ் கிடைக்காது, டீன் ரீட் கடையிலேயே கிடைப்பார்.

என்னைப் பொறுத்தவரை டீன் ரீட் என்ற நிகழ்வின் சூத்திரம் மொத்தமும் இவ்வளவுதான். கதவு பூட்டியிருந்தது, சாவித்துவாரம் வழியாக இவர் ஒருவர் மட்டும் தெரிந்தார். திறமை இல்லை என்று சொல்லவில்லை. உழைப்பாளி, மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தவர். ஆனால் பூட்டு இல்லாவிட்டால் அந்தப் புகழும் இல்லை.

1970-ல் சிலியில் அவர் செய்த காரியம்தான் உலகச் செய்தியானது. இடதுசாரித் தலைவர் அயெந்தே ஜெயித்த தேர்தலுக்குச் சில நாள் முன்பு, சான்டியாகோவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு எதிரே வாளியும் சோப்புமாக வந்து நின்றார். அமெரிக்கக் கொடியில் வியட்நாம் மக்களின் ரத்தம் படிந்திருக்கிறது என்று சொல்லி அதைத் துவைத்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கொடியை எரிப்பதற்கும் துவைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இது என் கொடிதான், அழுக்காக்கிவிட்டீர்கள் என்கிற கோபம் துவைப்பதில் இருக்கிறது. அவர் செய்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமையை அவர் விடவில்லை, அமெரிக்க வரித்துறைக்குக் கணக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சினுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நோபல் பரிசு வாங்கிய கையோடு சொந்த நாட்டில் சோல்செனிட்சின் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நீங்கள் சோவியத் சமூகத்தைப் பற்றிச் சொல்லும் குற்றங்களெல்லாம் உண்மையில் என் நாட்டின் குற்றங்கள் என்பது கடிதத்தின் சாரம். சோவியத் பத்திரிகைகள் கொண்டாடின. சோவியத் கைதி முகாமில் எட்டு வருஷம் இருந்தவருக்கு, முகாமையே பார்க்காத ஒருவர் பாடம் எடுக்கிறார். கொடியைத் துவைத்த கைதானா இது?

1971 நவம்பரில் லைப்ஸிக் ஆவணப்பட விழாவுக்கு வந்தவர் அங்கே ஒரு பெண்ணைச் சந்தித்துக் காதலித்துக் கிழக்கு ஜெர்மனியிலேயே தங்கிவிட்டார். வந்த நேரம் நல்ல நேரம். அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1965-ல், கட்சித் தலைவர் வால்டர் உல்பிரிக்ட், மேற்கிலிருந்து வரும் குப்பையையெல்லாம் நாம் காப்பியடிக்க வேண்டுமா என்று பீட்டில்ஸின் 'யே யே யே'வை மேடையிலேயே சாடியிருந்தார். பொது இடத்தில் இசைக்கும் பாட்டுகளில் 60 சதவீதம் சோசலிச நாடுகளில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று 1958 முதல் விதியே இருந்தது. அவருக்குப் பிறகு 1971-ல் பதவிக்கு வந்த ஹோனெக்கர் கொஞ்சம் பிடியைத் தளர்த்தினார். இளைஞர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், ஆனால் அது நம்முடையதாக இருக்க வேண்டும். ரீட் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தினார்.

அரசுத் திரைப்பட நிறுவனமான டெஃபா அவரை வைத்துப் படம் எடுத்தது. கிழக்கு ஜெர்மனியில் செவ்விந்தியர் படங்கள் என்று ஒரு வகையே உண்டு. ஹாலிவுட் கௌபாய் படத்தைத் தலைகீழாகப் போட்டதுதான்: செவ்விந்தியர்கள் நாயகர்கள், வெள்ளைக்காரர்கள் வில்லன்கள். 1975-ல் வந்த ஒரு படத்தில் ரீட் அமெரிக்கச் சிப்பாய். செவ்விந்தியர் படுகொலையைக் கண்ணால் பார்த்ததும் கொடிக்கம்பை முறித்துப் போட்டுவிட்டு அவர்கள் பக்கம் போய்விடுவார். எதிரே நாயகன் யூகோஸ்லாவிய நடிகர் கொய்கோ மிதிச். கிழக்கு பெர்லின் சிறுவர்களின் கனவு நாயகன் அவர். படத்தைப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ரீட் பிறந்த கொலராடோவில்தான் 1864-ல் அமெரிக்கப் படையினர் செவ்விந்தியர்களைக் கொன்ற சாண்ட் க்ரீக் படுகொலை நடந்தது என்பதும் சேர்ந்தே ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத்தோடு படம், லெபனானில் துப்பாக்கியோடு படம், சைபீரியாவில் பைக்கால்–அமூர் ரயில் பாதை போடும் தொழிலாளர்களுக்குக் கச்சேரி, 1979-ல் சோவியத் இளைஞர் அமைப்பின் லெனின் கொம்சொமோல் பரிசு. 1978-ல் அமெரிக்கா போனபோது மின்னசோட்டாவில் உயர் அழுத்த மின்கம்பிக்கு எதிரான விவசாயிகள் போராட்டத்தில் கலந்துகொண்டு கைதானார். அத்துமீறி நுழைந்ததாக ஒரு சின்ன வழக்கு. சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். இரும்புத்திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜனாதிபதி கார்ட்டருக்குத் தந்திகள் பறந்தன. அமெரிக்க ஜூரி அவரை விடுதலை செய்தது. அவர் திட்டித் தீர்த்த நாட்டின் நீதிமன்றத்தில் அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. கிழக்கு ஜெர்மனியில் அதே மாதிரி ஒரு போராட்டத்தை அவர் நடத்திப் பார்க்கவில்லை.

நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வோல்ஃப் பியர்மன் இருக்கிறார். அவரும் கிடார்க்காரர். அவரும் மேற்கிலிருந்து தானாக விரும்பி வந்தவர்தான். கம்யூனிஸ்ட் குடும்பத்துப் பையன், 1953-ல் ஹாம்பர்கிலிருந்து கிழக்கே வந்தார். ஆனால் உள்ளூர் அதிகாரிகளைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். 1965-ல் மேடைக்குத் தடை. 1976 நவம்பரில் கொலோன் நகரில் ஒரு கச்சேரிக்குப் போக அனுமதித்துவிட்டு, போன பிறகு குடியுரிமையைப் பறித்து வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரீட் எட்டுத் திசையிலும் அநியாயத்தைக் கண்டித்தார், தான் குடியிருந்த திசையைத் தவிர.

இந்த இடத்தில் பால் ரோப்சனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரீடுக்கு முந்தைய தலைமுறை, அவரைவிடப் பல மடங்கு பெரிய கலைஞர். கறுப்பினத்தவர் என்பதால் சொந்த நாட்டில் பல ஓட்டல்களில் நுழைய முடியாதவர் 1934-ல் மாஸ்கோ போனார். வாழ்க்கையில் முதல் முறையாக முழு மனிதனாக நடக்கிறேன் என்றார். அதை நான் பிரச்சாரமாகப் படிக்கவில்லை. அவர் நிலைமையில் இருந்த ஒருவருக்கு அது நிஜமாகவே அப்படித்தான் இருந்திருக்கும்.

1949 ஜூனில் மறுபடி போனார். ஸ்டாலின் யூத எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டிருந்த காலம். ரோப்சனின் நண்பரான நாடகக் கலைஞர் மிகோயெல்ஸ் 1948-லேயே கொல்லப்பட்டு, விபத்து என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இன்னொரு நண்பரான கவிஞர் இட்ஸிக் ஃபெஃபர் சிறையில். இரண்டு பேரையும் 1943-ல் நியூயார்க்கில் சந்தித்திருந்தார். ஃபெஃபரைப் பார்க்க வேண்டும் என்று ரோப்சன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சிறையிலிருந்து குளிப்பாட்டி, உடுத்தி, ஓட்டல் அறைக்கே அழைத்து வந்தார்கள். அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி. வாய் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்க, ஃபெஃபர் கையாலும் காகிதத் துண்டிலும் உண்மையைச் சொன்னார். மிகோயெல்ஸைக் கொன்றுவிட்டார்கள், எனக்கும் இதுதான் என்று கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினார். ரோப்சனின் மகன் பல வருஷம் கழித்து வெளியே சொன்ன செய்தி இது.

மாஸ்கோவில் ஜூன் 14 அன்று கச்சேரி. கடைசியில் ரோப்சன் தன் நண்பர்கள் மிகோயெல்ஸையும் ஃபெஃபரையும் மேடையிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பிறகு, நாஜிகளை எதிர்த்துப் போராடிய யூதர்களின் பாடலை கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இட்டிஷிலேயே பாடினார். ஸ்டாலின் உயிரோடு இருக்கும்போது, மாஸ்கோ மேடையில்.

ஊர் திரும்பியதும் நிருபர்கள் கேட்டார்கள். சோவியத்தில் யூத வெறுப்பா, அப்படி எதையும் நான் கேள்விப்படவில்லை என்றார். 1952 ஆகஸ்டில் ஃபெஃபரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே 1952-க்கான ஸ்டாலின் சமாதானப் பரிசு ரோப்சனுக்கு. அடுத்த வருஷம் ஸ்டாலின் செத்தபோது உருகி உருகி அஞ்சலி எழுதினார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? பாடத் துணிந்தவர் பேசத் துணியவில்லை. பேசினால், தன் மக்களை மரத்தில் தூக்கிலிடும் கும்பலுக்கு அது ஆயுதமாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம், தன் நிலைப்பாட்டுக்கு அவர் முழு விலையும் கொடுத்தார். 1949-ல் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில்லில் அவர் கச்சேரிக்கு வந்தவர்களைக் கல்லால் அடித்தார்கள். 1950 முதல் எட்டு வருஷம் பாஸ்போர்ட் இல்லை. 1956 நாடாளுமன்ற விசாரணையில், அவ்வளவு பிடித்திருந்தால் ரஷ்யாவிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்டபோது, என் அப்பா அடிமையாக இருந்தவர், இந்த நாட்டைக் கட்டச் செத்தவர்கள் என் மக்கள், உங்களைப் போலவே எனக்கும் இதில் பங்கு உண்டு என்று திருப்பிக் கொடுத்தார். ரோப்சன் இருந்த புகழை இழந்தார், ரீட் இல்லாத புகழைச் சம்பாதித்தார். இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட்டு 'கம்யூனிஸ்ட் ஆதரவுக் கலைஞர்கள்' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

மற்றபடி வந்து போனவர்கள் நிறைய. நம்மூரில் கேசட் காலத்தில் பட்டையைக் கிளப்பிய போனி எம் 1978 டிசம்பரில் மாஸ்கோவில் பாடியது, 'ரஸ்புடின்' பாட்டுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. எல்டன் ஜான் 1979-ல் போனார். வாம்! இரட்டையர் 1985-ல் பெய்ஜிங்கில் சுமார் 15,000 பேர் முன்னால் பாடினார்கள். எழுந்து ஆடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு, ஜனங்கள் திருதிருவென்று உட்கார்ந்திருந்தார்கள். இவர்களெல்லாம் விருந்தாளிகள். வந்தோமா, பாடினோமா, விமானம் ஏறினோமா. ரீட் அங்கேயே குடும்பம் நடத்தியவர்.

விருந்தாளிகள் வர வர, குடியிருந்தவரின் மவுசு குறைந்தது. 1980களில் கிழக்கு ஜெர்மனியின் பெரும்பாலான வீடுகளில் மேற்கு ஜெர்மன் டிவி தெரிந்தது. அசல் ராக் இசை கூடத்துக்கே வந்துவிட்ட பிறகு, அரசாங்கம் முத்திரை குத்திய கௌபாயை எந்தப் பையன் பார்ப்பான்? ஆட்சிக்கு எரிச்சல் தருபவன்தான் கலகக்காரன், ஆட்சியாளரோடு கைகுலுக்குபவன் எப்படிக் கலகக்காரன் ஆவான் என்று அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. வெளிநாட்டான் என்பதுதான் அவர் கவர்ச்சி. பதினைந்து வருஷம் ஒரே ஊரில் இருந்தால் யாரும் வெளிநாட்டானாக நீடிக்க முடியாது. கிழக்கு பெர்லினின் ஓரத்தில் ஏரிக்கரை வீடு, ஓட்டுவது லாடா கார், பேசுவது ஜெர்மன்.

அவரைக் கோழை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. சிலியின் பாடகர் விக்தோர் ஹாராவைப் பற்றி 1978-ல் தானே இயக்கி நடித்துப் படம் எடுத்தார். ஹாராவைக் கொன்ற பினோசெட்டின் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே 1983-ல் சிலிக்குப் போய், தடை செய்யப்பட்ட பாட்டைப் பாடி, பிடிபட்டு வெளியேற்றப்பட்டார். கழுதைப் பந்தயக்காரர் அங்கே தெரிகிறார்.

1985-ல் தன்னைப் பற்றிய ஆவணப்படத்தோடு டென்வருக்குப் போனார். சொந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் சொற்பம். ஆனாலும் திரும்பி வந்துவிடலாம் என்ற ஆசை அப்போதுதான் வேர்விட்டது. 1986 ஏப்ரலில் அமெரிக்க டிவியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் அவர் பேட்டி ஒளிபரப்பானது. ஊருக்குத் திரும்பும் வழி என்று அதைத்தான் நம்பியிருந்தார். அதில் பேட்டி எடுத்த மைக் வாலஸ் கேட்ட கேள்விக்குப் பதிலாக பெர்லின் சுவரை நியாயப்படுத்திப் பேசினார். கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் முதல் முறையாக டீன் ரீடைப் பார்த்தது அப்போதுதான். வசைக் கடிதங்கள் குவிந்தன. தன்னை நட்சத்திரமாக்கிய சுவரைத் தாங்கிப் பேசி, வீட்டுக்குப் போகும் வழியை அவரே அடைத்துக்கொண்டார்.

ஜூனில் அடுத்த படம் தொடங்க வேண்டியது. அமெரிக்கச் செவ்விந்தியர்களின் வூண்டட் நீ போராட்டம் பற்றிய கதை, சோவியத்தோடு கூட்டுத் தயாரிப்பு, அவரே இயக்குநர். அதற்குள் ஆள் காணாமல் போனார். ஜூன் 17 அன்று வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் உடல் கிடைத்தது. வயது 47. விபத்து என்று அரசு அறிவித்தது. சிஐஏ கொன்றது, கேஜிபி கொன்றது, கிழக்கு ஜெர்மன் ரகசியப் போலீசான ஸ்டாசி கொன்றது என்று ஆளுக்கொரு கதை. 1990-ல், அந்த நாடே கரைந்துகொண்டிருந்தபோது, காரில் கிடைத்த கடிதம் ஒன்று வெளியே வந்தது. கட்சியின் மத்தியக் குழுவில் இருந்த நண்பர் ஒருவருக்கு, படத்தின் திரைக்கதைத் தாள்களுக்குப் பின்பக்கத்தில் 15 பக்கம் எழுதியிருந்தார். தற்கொலைக் கடிதம். குடும்பச் சண்டை, சோர்வு, எல்லாம் அதில் இருக்கிறது. ஹோனெக்கருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, எல்லாவற்றிலும் தனக்கு உடன்பாடு இல்லை என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை உயிரோடு இருக்கும்போது மேடையில் சொல்லியிருந்தால் அவர் கதை வேறு மாதிரி போயிருக்கும். கடிதத்தை நான்கு வருஷம் மூடி வைத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். கொலைக் கதைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1986-ல் அவரைக் கொல்லும் அளவுக்கு அவர் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை, அதுதான் அவருக்கு நேர்ந்த கொடுமை.

இரண்டு வருஷம் கழித்து, 1988 ஜூலை 19 அன்று, கட்சியின் இளைஞர் அமைப்பு ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைக் கிழக்கு பெர்லினுக்கு அழைத்தது. கைநழுவிப் போய்க்கொண்டிருந்த இளைஞர்களைப் பிடித்து நிறுத்தத்தான். நிகராகுவா ஆதரவுக் கச்சேரி என்று அவர்களாகவே ஒரு பெயரையும் ஒட்டினார்கள், ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கூட்டம். எந்த அரசாங்கத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் வரவில்லை, ஒருநாள் எல்லாத் தடைகளும் விழும் என்ற நம்பிக்கையில் பாட வந்தேன் என்று ஜெர்மனில் சொன்னார். கூட்டத்தில் அமெரிக்கக் கொடிகள் ஆடின. கடையில் கிடைக்காது, வீட்டிலேயே தைத்தும் வரைந்தும் கொண்டுவந்திருந்தார்கள்.

இவர்களைக் கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ரோப்சனின் 1949 மாஸ்கோ கச்சேரிப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. இட்டிஷ் பாட்டிலிருந்து தொடங்குங்கள். ரீடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.